மேற்குச் சுவர் ஜன்னலும் மூன்று வரி இடமும்

1

இந்தக் கதையில் நடந்த தப்புக்கு நான்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் ஏதோ சாமர்த்தியம் காட்டுகிற மாதிரி இருக்கும்.

தென்காசி ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதிப் பிழைப்பவன் நான். ஆபீஸ் நேரத்தில் பத்திரம், ஓய்ந்த நேரத்தில் கதை. பத்திரத்தில் என் கை நல்ல கை என்று நாலு ஊரில் பெயர் உண்டு. கதையில் அப்படிச் சொல்ல இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை. இப்போது யுத்தம் நடப்பதால் வெள்ளைத்தாள் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. கெட்டுப்போன நகல்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஒரு வாக்கியம் சரியாக வரவில்லை என்று தாளைக் கசக்கி எறிய வசதி இல்லை. ஆகவே பாதியில் நின்றுபோன வாக்கியங்கள் அங்கங்கே அப்படியே கிடக்கும். தெருவில் தேங்கின தண்ணீரைத் தாண்டுகிற மாதிரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு தாண்டி வாருங்கள்.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். மேலகரத்துக்காரர்கள் இரண்டாவது பக்கத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.)

2

முதல் ஆரம்பம்: குற்றால மலையின் மேல் மேகம் இறங்கியது. சாரல் மெல்ல மெல்ல

வேண்டாம். சாரலில் ஆரம்பிக்கிற கதைகள் எங்கள் பக்கத்தில் வண்டி வண்டியாகக் கிடக்கின்றன.

இரண்டாவது ஆரம்பம்: உலகம்மாளுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். சிவந்த மேனி, பூப்போன்ற

இது சுத்தப் பொய். உலகம்மாள் மாநிறம், நல்ல உயரம், பேசினால் எதிர்வீட்டில் கேட்கும். கோபம் வந்தால் முதலில் மூக்கு விடைக்கும், பிறகுதான் பேச்சு வரும்.

பேசாமல் பத்திர பாணியிலேயே தொடங்குகிறேன். 1931ஆம் வருஷம் மாசி மாதம், மேலகரம் கிராமத்தில், அண்ணன் ஆறுமுகநயினாரும் தம்பி தாணுமாலயனும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். வயலுக்கு மடை திறக்கிற முறையில் வந்த சண்டை. யார் முந்தித் திறந்தார் என்பது இன்றைக்கு அவர்களுக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். ஒரே வீட்டை நடுவில் இரண்டாக்கி, கிழக்குப் பாதி அண்ணனுக்கு, மேற்குப் பாதி தம்பிக்கு. எல்லாம் சுமுகமாக முடிந்து, கையெழுத்துப் போடுகிற நேரத்தில் ஒரு ஜன்னல் வந்து குறுக்கே நின்றது.

அண்ணன் பாகத்து அடுக்களையின் மேற்குச் சுவரில் அந்த ஜன்னல். திறந்தால் தம்பியின் முற்றம். "என் முத்தத்தைப் பாத்து அவுக சன்னல் இருக்கக்கூடாது" என்றார் தம்பி. "வெளிச்சம் வேண்டாமா? என் வீட்டுக்காரி என்ன இருட்டுக்குள்ளயா உலை வைப்பா?" என்றார் அண்ணன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

முத்திரைத்தாளின் அடியில் மூன்று வரிக்கு இடம் மிச்சம் இருந்தது. மிச்ச இடத்தில் பின்னால் யாரும் எதையும் நுழைத்துவிடாமல் கோடு போட்டு அடைப்பதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். அன்றைக்கு நான் கோடு போட்டிருக்க வேண்டும். புத்திசாலித்தனம் என்னை விடவில்லை. எழுதினேன்:

"மேற்படி மேற்குச் சுவரில் தற்சமயமுள்ள ஜன்னல் நிற்கிற வரை நிற்க வேண்டியது. பழுதாகி எடுக்க நேர்ந்தால் அந்தச் சுவரில் புது ஜன்னல் வைக்காமல், திறப்பைச் செங்கல் வைத்துக் கட்டிவிட வேண்டியது."

மூன்று வரிக்குள் அடங்கிவிட்டது. இரண்டு பேருக்கும் திருப்தி. தம்பிக்கு ஏன் திருப்தி என்றால், அந்த ஜன்னல் ஏற்கெனவே உளுத்துப்போன கிழட்டு ஜன்னல். இரண்டு சாரலுக்குத் தாங்காது என்று கணக்குப் போட்டிருந்தார். வெளியே வந்ததும் தெருவிலேயே இருவரும் சத்தியம் பண்ணிக்கொண்டார்கள். இவர் வீட்டு ஆள் அவர் வாசல்படி மிதிக்கக்கூடாது, அவர் வீட்டு ஆள் இவர் வாசல்படி மிதிக்கக்கூடாது.

அன்று சாயங்காலம் என் எழுத்துத் திறமையை நினைத்து ஒரு காப்பி அதிகமாகக் குடித்தேன். வீட்டுக்குள் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

3

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, ஜன்னலை எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். வீடு வைத்திருப்பவர்களுக்கு உபயோகப்படும். கதை பிடிக்காமல் போனாலும் இது மிஞ்சும்.

சொன்னவர் செங்கோட்டை அய்யாக்குட்டி ஆசாரி. 1938இல் ஆறுமுகநயினார் வீட்டு ஜன்னல்களை எல்லாம் மாற்ற வந்தவர். எங்கள் பக்கத்தில் மரத்துக்கு நிம்மதி கிடையாது. ஆனி ஆடியில் மேற்கேயிருந்து சாரலும் காற்றும் அடித்து அடித்து மரம் ஊறி உப்பிப்போகும். பங்குனி சித்திரையில் வெயில் அதை முறுக்கிப் பிழிந்துவிடும். "சித்திரையில அளந்து சன்னல் செஞ்சா ஆனியில திறக்க வராது. ஆனியில அளந்து செஞ்சா சித்திரையில இடுக்கு வழியா பக்கத்து வீடு தெரியும்" என்பார் ஆசாரி. ஆவணிக் கடைசிதான் நேரம். சாரல் ஓய்ந்திருக்கும், ஐப்பசி மழை வந்திருக்காது. அப்போதும் ஒரு நூல் இடம் விட்டுத்தான் இழைக்க வேண்டும். (ஆசாரிமார் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.)

தாழ்ப்பாள் ஓட்டையோடு பொருந்தவில்லை என்றால் பயப்பட வேண்டாம், அது பருவத்தின் கோளாறு. கதவை மூடின பிறகும் தரையில் ஈரம் நின்றால் பலகையை மாற்றினால் போதும். ஆனால் அடிச்சட்டத்தை விரலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மொத்தையாக வந்தால், உளி முனை அழுத்தாமலே உள்ளே இறங்கினால், காலம் முடிந்தது என்று அர்த்தம்.

ஆசாரி ஐந்து ஜன்னல்களை முடித்துவிட்டு அடுக்களைக்குள் வந்தார். மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுதாம்மா வீட்டுலயே மோசம். மொதல்ல இதல்லா மாத்திருக்கணும்?"

ஆறுமுகநயினாரின் மனைவி உலகம்மாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "அதத் தொடாதீரும்."

"அடுத்த சாரலுக்கு நிக்காதே."

"நிக்க வைக்கத்தான் உம்மக் கூப்பிட்டிருக்கு. ஏன் ஆசாரியாரே, சன்னல எடுக்காம சன்னல மாத்த முடியுமா?"

ஆசாரி நாற்பது வருஷத் தொழிலில் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"துண்டு துண்டா மாத்தலாம். வருசத்துக்கு ஒண்ணு."

"அப்பிடிச் செய்யும். புதுசுன்னு மட்டும் தெரியக்கூடாது."

4

அப்படித்தான் நடந்தது. முதல் வருஷம் இடது பலகை. அடுத்த வருஷம் வலது பலகை. பிறகு கீல்கள், பிறகு குறுக்குச் சட்டம், பிறகு மரக்கம்பிகள். ஒவ்வொன்றையும் வைத்த பிறகு விளக்குக் கரியைப் புன்னையெண்ணெயில் குழைத்துத் தேய்த்து, நாற்பது வருஷப் பழசாக்கிவிட்டுப் போவார் ஆசாரி. புதுசைப் பழசாக்குவதற்குக் கூலி அதிகம் கேட்டார் என்று கேள்வி.

ஒரு ஜன்னலுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல சங்கரம்மாள் வர வேண்டும்.

சங்கரம்மாள் தாணுமாலயனின் மனைவி. உலகம்மாளுக்கு ஓரகத்தி. பாகம் பிரிந்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மா இல்லாத பெண். குழம்பு வைப்பதிலிருந்து கோபக்காரப் புருஷனைச் சமாளிப்பது வரை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது உலகம்மாள்தான். வாசல்படி மிதிக்கக்கூடாது என்று சத்தியம் ஆகிவிட்டது. ஜன்னலை யாரும் சத்தியத்தில் சேர்க்கவில்லை. ஆண்கள் வயலுக்குப் போன பிறகு, மத்தியானம், சங்கரம்மாள் முற்றத்தில் ஜன்னலுக்கு அடியில் வந்து உட்காருவாள்.

1933இல் சங்கரம்மாளுக்குப் பெண் பிறந்தது. பேச்சித்தாய் என்று பெயர் வைத்தார்கள். உலகம்மாளுக்குக் குழந்தை இல்லை. (இதைச் சொல்லிவிட்டு ஒரு சோகமான வாக்கியம் எழுத ஆசையாக இருந்தது. உலகம்மாள் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள். விட்டுவிட்டேன்.) அவள் செய்தது என்னவென்றால், ஜன்னலின் நடுக்கம்பி ஒன்றைப் பிடுங்கிவிட்டாள். கணவர் கேட்டபோது கரையான் அரித்துவிட்டது என்றாள். அந்தக் கம்பி இப்போதும் அவள் வீட்டுத் துணி அடிக்கிற கட்டையாக இருக்கிறது, ஒரு இடத்திலும் கரையான் தடம் கிடையாது.

அந்த இடைவெளி வழியாகத் தினமும் மத்தியானம் குழந்தை இந்தப் பக்கம் வரும். முதலில் தலை, பிறகு ஒரு தோள், பிறகு மற்றது. உலகம்மாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மடியில் போட்டுத் தூங்கவைத்து, மாடுகள் திரும்புகிற நேரத்துக்கு அதே வழியாகத் திருப்பிக் கொடுப்பாள்.

(இதை வாசகர் நம்பமாட்டார் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எட்டங்குல இடைவெளியில் இரண்டரை வயது வரை ஒரு பிள்ளை போகும். என் பேரில் சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். பிள்ளை உங்களுடையதாக இருக்கட்டும்.)

மூன்றாவது வயதில் ஒரு நாள் பேச்சித்தாயின் வயிறு சிக்கிக்கொண்டது. உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. இரண்டு பெண்களும் சிரிக்கிறார்கள், குழந்தை அழுகிறது. கடைசியில் விளக்கெண்ணெய் தடவி வெளியே எடுத்தார்கள். அதோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. அன்று ராத்திரி உலகம்மாள் சாப்பிடவில்லை.

இப்போது பேச்சித்தாய்க்குப் பத்து வயது. மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வந்ததும் முற்றத்தில் கல்லைப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். உள்ளேயிருந்து இரண்டு கைகள் வரும். எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, இறுக்கிப் பின்னிவிடும்.

"பெரியம்ம, வலிக்குது."

"தலைய ஆட்டாத ஏட்டி. கோணப் பின்னலோட போனா உன்ன எவ மதிப்பா?"

நான் அந்தப் பத்திரத்தின் மூன்று வரியில் எழுதியது இதன் ஆயுளை. எழுதும்போது எனக்குத் தெரியாது.

5

இந்த இடத்தில் தாணுமாலயன் என்ற பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் நகலில் அவரை வில்லனாக எழுதியிருந்தேன். மீசையைக்கூடக் கொஞ்சம் பெரிதாக்கினேன். தாணுமாலயனின் கண்களில் பழி தீர்க்கும்

அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்த வாரத்தில்தான், இந்த ஆடி மாதம், அவரே பத்திரத்தை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். உட்கார்ந்தார். வெகுநேரம் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். அந்தச் சன்னல் பத்திரத்துல உள்ள சன்னல்தானா?"

"ஏன் கேக்கியோ?"

"பத்திரம் எழுதயில அதுல விரல் போற அளவு இடுக்கு இருந்திச்சு. இப்பம் சாரல்ல ஒரு சொட்டு அங்கிட்டுப் போகல. பன்னெண்டு வருசத்துல எந்தச் சன்னலாவது வயசு குறைஞ்சு பாத்திருக்கேளா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஊர்ல நாலு பேரு கேக்கான், என்னலே, உங்க அண்ணன் வீட்டுல உன்னை ஏய்க்காகளேன்னு. கேட்டா நான் என்ன சொல்ல? நீங்க எழுதினவுக. அது அதே சன்னல்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் பேசாம இருந்துக்கிடுதேன். புள்ளைக்கு அங்கனதான் தலை பின்னி விடுதாக. எங்க வீட்டுல உள்ளவளுக்குப் பின்ன வராது."

வில்லனுக்காக ஒதுக்கி வைத்திருந்த அரைப் பக்கம் வீணாகப் போயிற்று. நேரில் பார்த்துவிட்டுச் சொல்வதாக அனுப்பிவைத்தேன்.

6

போய்ப் பார்த்தேன். ஆறுமுகநயினார் வயலுக்குப் போயிருந்தார். உலகம்மாள் அடுக்களைக்குக் கூட்டிப்போய் ஜன்னலைக் காட்டினாள். பலகை உறுதி, கீல் உறுதி, கம்பிகள் உறுதி. சுவரில் பதிந்திருக்கிற சுற்றுச்சட்டம் மட்டும்தான் பழசு. அதைத் துண்டு துண்டாக மாற்ற முடியாது. ஜன்னலையே வெளியே எடுத்தால்தான் ஆகும்.

என் பேனாவை எடுத்து அடிச்சட்டத்தில் வைத்தேன். அழுத்தவில்லை. நிப்பு முழுக்க உள்ளே போய்விட்டது.

"ஆசாரியும் அதத்தான் சொன்னாரு," என்றாள் உலகம்மாள். "ஐப்பசிக்கு நிக்காதாம்." மூக்கு விடைத்தது. "ஏன் அண்ணாச்சி, இப்பிடியா எழுதுவாக? அந்த எடத்துல ஒரு கோட்டப் போட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா?"

என் எழுத்தைப் பற்றி இவ்வளவு சரியான விமரிசனத்தை அதற்கு முன்போ பின்போ நான் கேட்டதில்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சங்கரம்மாளின் வளையல் சத்தம் கேட்டது. அவளும் வந்து நின்றிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் உலகம்மாள். "புதுச் சன்னல் வைக்கக்கூடாது. சரி. அந்தச் சுவத்துல வாசல் வைக்கக்கூடாதுன்னு எழுதியிருக்கா?"

நான் பத்திரத்தை மனத்துக்குள் ஒரு தரம் படித்தேன். மறுபடி ஒரு தரம் படித்தேன். வாசல் என்ற சொல் அதில் எங்கேயும் கிடையாது. ஒரு ஜன்னலுக்கே மல்லுக்கு நின்ற இரண்டு பேர் வாசல் வைப்பார்கள் என்று எந்த எழுத்தன் நினைப்பான்?

"இல்ல," என்றேன். "ஆனா தம்பி முத்தத்துலல்லா திறக்கும்? அவருடைய சம்மதம் வேணுமே."

வெளியேயிருந்து சங்கரம்மாள் சொன்னாள். "நான் கேட்டாச்சு அண்ணாச்சி. ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னும் சொல்லல."

"வாசல் மிதிக்கக்கூடாதுன்னு சத்தியம் இருக்கே?"

"அவுக வாசல மிதிக்க மாட்டோம், எங்க வாசல மிதிக்க விட மாட்டோம்," என்றாள் உலகம்மாள். "இது ரெண்டு வாசலும் இல்ல. சன்னலுக்கு ரெண்டு முழம் தள்ளி, பொதுச் சுவத்துல இருக்கப்போற வாசல். இதுக்கு எவனும் சத்தியம் பண்ணல."

உங்கள் வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"அவுகளா? அந்தச் சுவரத் திரும்பிப் பாத்தே பன்னெண்டு வருசம் ஆச்சு."

திரும்பி வரும் வழியில் தாணுமாலயனைப் பார்த்து, அது அதே ஜன்னல்தான் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் சொன்ன கதைகளிலேயே கேட்டவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

7

இனி முடிவு.

ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். ஐப்பசி மழையில் சட்டம் சரிந்து ஜன்னல் முற்றத்தில் விழுகிறது. மறுநாள் கொத்தன் வந்து செங்கல் அடுக்குகிறான். பாதி பின்னிய தலையோடு பேச்சித்தாய் சுவரைப் பார்த்து

எட்டு வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை.

இன்னொன்றில் அண்ணனும் தம்பியும் சாரலில் நனைந்தபடி கட்டிக்கொண்டு அழுகிறார்கள். பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் தாணுமாலயன் யாரையும் கட்டிப்பிடித்து நான் பார்த்ததில்லை. ஆறுமுகநயினார் அழுதால் ஜலதோஷம் என்றுதான் சொல்வார்.

ஆகவே முடிவை விட்டுவிட்டு, இன்று வரை நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் வேறு காரியமாகச் செங்கோட்டைக்குப் போனவன் அய்யாக்குட்டி ஆசாரியின் பட்டறையில் நுழைந்தேன். அயினி மரத்தில் ஒரு நிலைச்சட்டம் சுவரோடு சாத்தியிருந்தது. ஜன்னல் உயரம் அல்ல. ஆறடி. தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மரம்.

"எப்பம் சொன்னாக?"

"சித்திரையிலயே," என்றார் ஆசாரி. "மரத்தக் காயப்போட்டு, ஒரு நூல் விட்டு இழைச்சிருக்கேன். சாரலும் ஒண்ணும் செய்யாது, வெயிலும் ஒண்ணும் செய்யாது."

அதாவது என்னிடம் கேட்பதற்கு மூன்று மாதம் முன்பே. பத்திரத்தில் வாசல் இல்லை என்பதை அந்த அம்மாள் யாரைவிட்டோ படிக்கச் சொல்லி முன்பே கேட்டிருக்கிறாள். என்னிடம் கேட்டது, நான் எழுதியதை நானே என் வாயால் ஒப்புக்கொள்ளட்டும் என்பதற்காக. பேச்சித்தாய் நாலாம் வகுப்பு படிக்கிறாள், பத்திரத்துக் கூட்டெழுத்தும் படிப்பாள் என்று பிறகு தெரிந்தது.

வியாழக்கிழமை நல்ல நாள், ஆவணிக் கடைசி. ஆசாரி வண்டியில் நிலையைக் கட்டிக்கொண்டு, சமஸ்தான எல்லைச் சுங்கச்சாவடி தாண்டி விடிந்ததும் மேலகரம் வந்துவிடுவார். சங்கரம்மாள் குங்குமமும் சந்தனமும் எடுத்து வைத்திருக்கிறாள். நேற்று உலகம்மாள் சோறு போடும்போது கணவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். மோர் ஊற்றும்போது கேட்டாராம்.

"ஆசாரி கூட எத்தன ஆளு வாராக?"

"அவரு மட்டுந்தான்."

"நிலை தூக்க அது பத்தாதே," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

இன்று காலை சாமான் வாங்கத் தென்காசிக்கு வந்த ஆசாரியிடம் விசாரித்தேன். உண்மைதானாம். ஆறடி அயினி நிலையை ஒருவர் நிறுத்த முடியாது. தூக்குக்குண்டு போட்டு அவர் நேர் பார்க்கும்போது, உள்ளேயிருந்து ஒருவரும் வெளியேயிருந்து ஒருவரும் பிடித்துக்கொள்ள வேண்டும். சாந்து இறுகும் வரை இரண்டு பேரும் கையை எடுக்கக்கூடாது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "அது அவுக பிடிக்கதப் பொறுத்து" என்றார் ஆசாரி.

உள்ளே யார் வீடு, வெளியே யார் முற்றம் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்குத் திங்கட்கிழமை. வியாழக்கிழமை நான் அங்கே போகப் போவதில்லை. எழுதுகிறவன் நின்று பார்த்தால் இரண்டு பேரும் முறைத்துக்கொள்வார்கள்.

தாளின் அடிக்கு வந்துவிட்டேன். இன்னும் மூன்று வரிக்கு இடம் இருக்கிறது. வழக்கப்படி கோடு போட்டு அடைக்க வேண்டும். இந்தத் தடவை கோடு போடவில்லை, நானும் எழுதவில்லை. பேனா உங்களிடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது மட்டும் வீட்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.